வெள்ளையணு பெருகும் நோய்: அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளப் பட்டணத்து மருத்துவமனைக்குப் போனார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். அறுவைக்கு முன் வழக்கம்போல் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் அவருக்கு 46 ஆயிரம் இருந்தன. மேலும் சில சோதனைகளுக்குப் பிறகு, "இது ஒருவகை லுக்கேமியா" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சொல் அன்று மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிட்டது. சொந்தக்காரர்கள் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வருபவர்களைப் போல் வரத் தொடங்கினார்கள். மகள் தன் சங்கிலியை அடகுவைத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் சூரணம் என்று ஒருவன் விற்றதை வாங்கி வந்தாள். அடுத்த மாதம் இரத்த நோய் மருத்துவரைப் பார்த்தபோது அவர் சொன்னது அவர்களுக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. "இப்போது மருந்து எதுவும் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றாராம்.

அன்றிரவு பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். "வாத்தியாரே, மருந்தே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கைய விட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை அவருக்குத் துணையாக நானும் போனேன். மருத்துவரிடம் கேட்டேன், பிறகு நூல்களையும் தேடிப் படித்தேன். அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நேயர்களே, முதலில் இரத்தத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். நம் எலும்புக்குள்ளே மஜ்ஜை என்னும் மென்மையான பகுதி இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. சிவப்பணு உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. தட்டணு காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்கிறது. வெள்ளையணு உடலுக்குள் நுழையும் கிருமிகளை எதிர்க்கிறது. வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு நிணநீரணு. ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்திருந்து, மறுமுறை வந்தால் அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளைச் சுரப்பது அதன் வேலை.

ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வாழ்நாள் உண்டு. வேலை முடிந்ததும் அது மடிய வேண்டும், புதியது அந்த இடத்துக்கு வர வேண்டும். சிலருடைய உடலில் ஒரு நிணநீரணு இந்த ஒழுங்கை மீறிவிடுகிறது. அது உரிய காலத்தில் மடிவதில்லை. தன்னைப் போலவே மடியாத அணுக்களை மெல்ல மெல்லப் பெருக்கிக்கொண்டே போகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தத்திலும், மஜ்ஜையிலும், மண்ணீரலிலும், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க் கட்டிகளிலும் அவை சேர்ந்துவிடுகின்றன. இதுவே நாட்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோய். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாகச் சி.எல்.எல். என்பார்கள்.

வெள்ளையணு கூடினால் உடலுக்குக் காவல் கூடத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். இருநூறு பேர் பதிவாகியிருக்கிறது, ஆனால் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்பவர்கள் இருபதே பேர் என்றால் வேலை நடக்குமா? அதோடு, வேலைக்கு வராதவர்களே லயத்து வீடுகளையெல்லாம் அடைத்துக்கொண்டால், புதிதாக வேலைக்கு வருபவர் எங்கே தங்குவார்? இந்த நோயிலும் இதுதான் நடக்கிறது. அணுக்களின் எண்ணிக்கை ஏராளம். ஆனால் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் குறைவு. ஆகவே சளிக் காய்ச்சலும், நுரையீரல் அழற்சியும், அக்கியும் அடிக்கடி வருகின்றன. மஜ்ஜையில் இடம் குறையும்போது சிவப்பணு குறைந்து சோகை வருகிறது. தட்டணு குறைந்தால் இரத்தக் கசிவு வருகிறது.

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. 1845ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ருடோல்ஃப் விர்ச்சோவும், ஸ்காட்லாந்தில் ஜான் ஹியூஸ் பென்னெட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வெள்ளை இரத்தம் என்று பொருள்படும் லுக்கேமியா என்னும் பெயரை 1847இல் விர்ச்சோ சூட்டினார். அந்த ஒரு பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருப்பது பின்னர்தான் தெளிவாயிற்று. அவற்றுள் வேகமாகப் பாய்பவை உண்டு, மெல்ல ஊர்பவையும் உண்டு. சிறு பிள்ளைகளைத் தாக்குவது பெரும்பாலும் வேகமான வகை. அதற்கு உடனே சிகிச்சை வேண்டும். உரிய சிகிச்சை கிடைத்தால் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். நான் இன்று பேசும் சி.எல்.எல். பிள்ளைகளுக்கு வருவதில்லை. இது முதியவர்களின் நோய். மேலை நாடுகளில் இதைக் கண்டறியும்போது நோயாளியின் வயது ஏறக்குறைய எழுபதாக இருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. ஆகவே, 'பொறுத்திருந்து பார்க்கலாம்' என்று இந்தப் பேச்சில் நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து பிள்ளைகளின் நோய்க்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

சரி, இந்த நோயினால் உலகம் சுமக்கும் பாரம் எவ்வளவு? உலக நோய்ச் சுமையைக் கணக்கிடும் அறிஞர்களின் மதிப்பீட்டின்படி, 1990ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்நோய் வந்தது. 2019இல் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவ்வாண்டில் இந்நோயால் மாண்டவர்கள் ஏறத்தாழ 44 ஆயிரம் பேர். முப்பது ஆண்டுகளில் இத்தனை உயர்வா என்று திகைக்க வேண்டாம். மக்கள் தொகை கூடியிருக்கிறது. மனிதர் நெடுநாள் வாழ்கிறார்கள், ஆகவே முதியவர்களின் நோயும் கூடுகிறது. இரத்தச் சோதனை எளிதாகிவிட்டதால், முன்பு தெரியாமலே இருந்த நோயும் இன்று தெரிந்துவிடுகிறது.

இந்தச் சுமை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரியவர்களுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். அங்கே ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 4 அல்லது 5 பேருக்கு வருகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் பேர். ஜப்பான், சீனா, கொரியா போன்ற நாடுகளிலோ ஒரு லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. இந்தியாவிலும் இது குறைவே. அங்கே நோயைக் கண்டறியும்போது நோயாளிகள் மேலை நாட்டாரைவிடச் சில ஆண்டுகள் இளையவர்களாக இருக்கிறார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? சோறும் ரொட்டியும் காரணமா? இதற்கு விடை சொல்ல உதவியவர்கள், நம் முன்னோரைப் போலவே பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். ஹவாய்த் தீவுகளுக்குக் குடிபோன ஜப்பானியரிடையே சில தலைமுறைகளில் வயிற்றுப் புற்று குறைந்தது. பெருங்குடல் புற்று கூடியது. ஊணும் ஊரும் மாறியதால் அந்த நோய்களும் மாறின. ஆனால் சி.எல்.எல். மட்டும் அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சத்தாரிடையே இன்றும் குறைவாகவே இருக்கிறது. ஆகவே பரம்பரையாக வரும் உடற்கூறுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நோயாளியின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். இருந்தாலும் நோயே அரிதானதால், அந்தச் சொந்தங்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. இது தொற்றுநோயும் அன்று. நோயாளியோடு ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டிக்கொள்ளாது.

இங்கே இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். எண்ணிப் பார்க்கும் இடத்தில்தான் எண்ணிக்கை கிடைக்கும். இந்நோயை உறுதி செய்ய, நிணநீரணுவின் வகையைப் பிரித்துக் காட்டும் கருவி வேண்டும். அது இல்லாத ஏழை நாடுகளில், கிராமத்துக் கிழவர் ஒருவர் காய்ச்சல் வந்து இறந்தால், காய்ச்சலால் இறந்தார் என்றே எழுதுவார்கள். ஆகவே உலகக் கணக்கில் சேராமல் போனவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா? தோட்டத்து மக்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. வியட்நாம் போரில் 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படையினர் 'ஏஜண்ட் ஆரஞ்ச்' முதலிய களைக்கொல்லிகளை விமானத்திலிருந்து காடுகளின்மேல் தெளித்தார்கள். அந்த மருந்துக்கும் சி.எல்.எல். நோய்க்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டென்று 2003இல் அமெரிக்க அரசாங்கம் ஏற்று, நோயுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு நிவாரணம் வழங்க முன்வந்தது. பென்சீன் என்னும் இரசாயனமும், புகைபிடித்தலும், மிதமிஞ்சிய உடற்பருமனும் இந்நோய்ச் சுமைக்குக் காரணங்களாகக் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. இதைக் கேட்டுவிட்டு, மருந்து அடிக்கும் வேலை செய்பவருக்கெல்லாம் இந்நோய் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். நோயாளிகளில் மிகப் பலருக்குக் காரணம் இன்னதென்று சொல்லவே முடிவதில்லை. ஆனால் மருந்து அடிக்கும்போது கையுறையும் முகமூடியும் பூட்ஸும் அணிவதும், வேலை முடிந்ததும் குளித்து உடையைத் தனியாகத் துவைப்பதும் எல்லா வகையிலும் நல்லது. மருத்துவரிடம் போகும்போது, "நான் இத்தனை ஆண்டு மருந்து அடித்தேன்" என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

இனி, பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, மருந்து கொடுக்காமல் அனுப்புவது ஏன்?

1975ஆம் ஆண்டில், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் காந்தி ராய் என்பவர் தம் குழுவினருடன் சேர்ந்து இந்நோயைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இரத்தத்தில் நிணநீரணு கூடியிருப்பது மட்டும் முதல் நிலை. நெறி கட்டியிருந்தால் அடுத்த நிலை. மண்ணீரலோ கல்லீரலோ வீங்கியிருந்தால் அதற்கு அடுத்தது. சோகை வந்தால் அதற்கும் மேல். தட்டணு குறைந்தால் கடைசி நிலை. 1981இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பினே இன்னொரு முறையை வகுத்தார். இவ்விரண்டிலும் உள்ள சிறப்பு என்னவென்றால், நோயின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மருத்துவரின் கையும் ஒரு சாதாரண இரத்தச் சோதனையும் போதும். ஏழை நாட்டு மருத்துவமனையிலும் செய்யலாம். இன்றும் உலகமெங்கும் இவை பயன்படுகின்றன.

முதல் நிலையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று பிரான்சு நாட்டு மருத்துவர்கள் 1500க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். முடிவு 1998இல் வெளியாயிற்று. முன்கூட்டியே மருந்து உண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. மருந்தின் தொல்லைதான் மிச்சம். பால்மரம் உரிய பருமன் அடைவதற்கு முன்பே பட்டையை வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பாலும் சரியாகக் கிடைக்காது, மரமும் கெட்டுவிடும். சிகிச்சைக்கும் அப்படியொரு காலம் உண்டு. சோகை வந்தால், தட்டணு குறைந்தால், மண்ணீரல் பெரிதாக வீங்கினால், காரணமின்றி உடல் இளைத்தால், இரவில் உடை நனையும்படி வியர்த்தால், வெள்ளையணு ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால் அந்தக் காலம் வந்துவிட்டது என்று பொருள். சிலருக்கு அது சில மாதங்களில் வருகிறது. சிலருக்குப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து தேவைப்படாமலே வாழ்நாள் கழிந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது கைவிடுவது ஆகாது. அது காவல் இருப்பது.

ஆனால் மருந்து வேண்டிய காலம் வந்துவிட்டால், அப்போதுதான் உலகம் இரண்டாகப் பிரிகிறது. 1950களில் குளோராம்புசில் என்னும் மாத்திரை வந்தது. விலை குறைந்த மருந்து அது. பின்னர் ஃபுளுடராபின், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் வந்தன. 2014இல் இப்ருடினிப், 2016இல் வெனிட்டோகிளாக்ஸ் என்று, கெட்டுப்போன அணுவைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகள் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன. அந்நாட்டில் இன்று இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 88 பேர் அளவில் ஐந்து ஆண்டு கடந்தும் வாழ்கிறார்கள். ஆனால் இப்ருடினிப் மாத்திரைக்கு அங்கே ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு ஒரு லட்சம் அமெரிக்க டாலரையும் தாண்டியது. பலர் அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் உண்ண வேண்டும். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்த மருந்தெல்லாம் ஏழையின் கைக்கு வந்துவிடுவதில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை மேலை நாடுகளில் அதிகம். ஆனால் ஒரு நோயாளிக்கு மருந்துச் செலவு தரும் பாரம் ஏழைக் குடும்பத்தில்தான் அதிகம்.

நேயர்களே, நம் வீடுகளில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வலியில்லாத கட்டி கழுத்திலோ அக்குளிலோ வந்து வாரக்கணக்கில் இருந்தால், தீராத அசதி இருந்தால், காரணமின்றி உடல் இளைத்தால், இடப்பக்க விலாவின் கீழ் கனமாக இருந்தால், அடிக்கடி காய்ச்சல் வந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் காசநோய், சத்துக் குறைவு போன்ற வேறு ஏதாவதாக இருக்கும். எதுவானாலும் பார்த்துத் தீர்க்க வேண்டியதே.

இரண்டாவது, இரத்தச் சோதனைத் தாளைக் கசக்கி எறியாதீர்கள். தேதி வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். இந்நோயில் ஒரு நாள் எண்ணிக்கையைவிட, அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதே முக்கியம். பழைய தாள் மருத்துவருக்குப் பெரிய துணை.

மூன்றாவது, இந்நோய் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சளிக் காய்ச்சல், நுரையீரல் அழற்சி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்யப்பட்ட தடுப்பூசி இவர்களுக்கு ஆகாது. ஆகவே ஊசி போடுமுன் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். 2019இன் இறுதியில் பரவத் தொடங்கிய கோவிட் பெருந்தொற்றிலும் இந்நோயாளிகள் மிகவும் பாதிக்கப்பட்டார்கள்.

நான்காவது, இரத்தத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் சூரணத்துக்காக நகையை அடகுவைக்காதீர்கள். சேமநிதியில் கை வைக்காதீர்கள். அந்தப் பணம் பின்னொரு நாள் உண்மையான மருந்துக்கு வேண்டியிருக்கலாம்.

எங்கள் பெரியவருடைய கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வந்தார். எண்ணிக்கை மெல்லத்தான் ஏறியது. குடலிறக்க அறுவையும் நல்லபடியாக முடிந்தது. நான்கு ஆண்டுகள் சென்றன. பயம் தெளிந்தது, கூடவே கவனமும் தளர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது, "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று நான்கு நாள் வீட்டிலேயே படுத்துவிட்டார். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரல் அழற்சி. பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து, மயிரிழையில் பிழைத்து வந்தார். முதலில் பயந்து சங்கிலியை இழந்தார்கள். பின்னர் பயமே இல்லாமல் ஆளையே இழக்கப் பார்த்தார்கள்.

அவர் இப்போது மகளோடு தாமான் வீட்டில் இருக்கிறார். இன்னும் மருந்து தொடங்கவில்லை. காலண்டரில் மருத்துவமனைக்குப் போகும் தேதியைப் பேரப்பிள்ளை சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு காய்ச்சல்மானியும் தொங்குகிறது. சென்ற மாதம் பார்த்தபோது, "வாத்தியாரே, என்னைக் கைவிடல, காவலுக்கு வச்சிருக்காங்க" என்று சிரித்தார். அந்தச் சங்கிலியை மட்டும் இன்னும் மீட்க முடியவில்லை.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாருக்கேனும் இந்நோய் என்று கேள்விப்பட்டால், அழுவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இது வேகமான வகையா, மெல்ல வரும் வகையா? இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" அந்த விடைகளைத் தெரிந்துகொண்டு அடுத்த காரியத்தைப் பாருங்கள்.